முன் போர்ஷன் வாடகைக்கு

சொந்தமாக வீடு வாங்கி, அதில் நல்ல பாதியை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, மட்டமான பாதியில் நாம் குடியிருப்பதற்குப் பெயர் புத்திசாலித்தனம். இதை என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பாலிஷ்காரர். இவர் தச்சு வேலை பார்க்கிற பட்டறைக்கு வந்து மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் அடித்துத் தருகிறவர் அவர். ஆளைப் பார்த்தால் டீக்குக்கூட நாம்தான் காசு கொடுக்க வேண்டும் போலிருக்கும். ஆனால் மூன்று வீட்டுக்குச் சொந்தக்காரர்.

அன்று சாயங்காலம் தலையெல்லாம் மரத்தூளோடு வந்து நின்றுகொண்டே இவர் ஒப்பித்தார். "வீடு வாங்குறவன் எல்லாம் தனக்கு எத்தனை ரூம் வேணும்னு பாக்குறான். அப்படிப் பாக்கக் கூடாதாம். அடுத்தவனுக்கு எத்தனை ரூம் கொடுக்கலாம்னு பாக்கணுமாம். அவன் கொடுக்கிற வாடகை நம்ம தவணையைக் கட்டிடும். கொஞ்ச வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா வீடு நம்மளுது."

"அப்ப நல்ல ரூம் யாருக்கு?"

"வாடகைக்கு வர்றவங்களுக்கு."

"நமக்கு?"

"நமக்குத்தான் வீடே இருக்கே."

எனக்குக் கோபம் வந்தது. தட்டை ணங்கென்று வைத்தேன். ஆனாலும் அந்தக் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. வருஷா வருஷம் வாடகையை ஏற்றுகிற ஒரு மகராசன் வீட்டில்தான் அப்போது நாங்கள் இருந்தோம். சுவரில் ஆணி அடிக்கக்கூட அவரிடம் கேட்க வேண்டும். ஆணி அடிக்கிறதே தொழிலாக உள்ள மனுஷன் தன் சட்டையைக் கதவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

கையிருப்பையும் என் வளையல்களையும் சேர்த்தாலும் முன்பணத்துக்குப் பற்றவில்லை. மீதியைக் கொடுத்தது இவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மில் கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை, ஒரே மகன். ஓய்வுப் பணம் மொத்தமாக வந்தபோது பாதியை மகன் அடுக்குமாடியில் வீடு வாங்கக் கொடுத்துவிட்டு அவனோடு இருந்தார். மீதிப் பாதியைத் தம்பியின் கையில் கொடுத்தார். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. "இருக்கும்போது கொடுடா, இல்லாட்டி விடு" என்றதோடு சரி. அதை நினைத்தாலே எனக்குப் பாரமாக இருக்கும். எழுதி வாங்கிக் கொடுத்திருந்தால் இவ்வளவு கனக்காது.

வீடு பழசு. ரயில் பெட்டி மாதிரி நாலு அறைகள் ஒன்றன் பின் ஒன்றாக. முன்னால் இரண்டும் வெளிச்சம், பெரிய ஜன்னல், தனிக் குளியலறை. பின்னால் இரண்டில் பகலிலும் லைட் போட வேண்டும். பின்கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். எங்களுக்கு எது என்று சொல்லத் தேவையில்லை.

நடுவில் தடுப்புச் சுவரை இவரே செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த வேலை. ப்ளைவுட்தான், ஆனால் ஓர் ஆணித் தலைகூட வெளியே தெரியாது. எங்கே கட்டில் வரும், எங்கே பீரோ வரும், எங்கே என் தையல் மெஷின் வரும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டுப்படி சுவரை நிறுத்தினார். தச்சர் கண்ணுக்குத் தரையும் மூலையும்தான் தெரியும். பக்கவாட்டுச் சுவரில் தலை உயரத்தில் இருந்த மின்சார மெயின் போர்டு அந்தக் கண்ணில் படவே இல்லை.

எனக்கு ஆல்டரேஷன் வேலை. ரெடிமேட் கடைகளிலிருந்து பேண்ட் நீளம் குறைக்க, இடுப்பு பிடிக்க, ஜிப் மாற்ற என்று கட்டுக் கட்டாக வரும். மெஷினும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடும். சுவர் முடிந்த அன்றைக்கு இரண்டையும் போட்டுக்கொண்டு, வெந்நீருக்கு ஹீட்டரையும் தட்டினேன். டப்பென்று வீடு இருண்டது. மெயினைத் தூக்கிவிடப் போனேன். கைக்கு எட்டியது சுவர்தான். போர்டு ஒரு சாண் தள்ளி அந்தப் பக்கம், வாடகைக்கு வருகிறவர் கட்டில் போடப் போகிற இடத்துக்கு நேர் மேலே இருந்தது.

"எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு போர்டை வெளிய மாத்திடுங்க" என்றேன்.

"அவன் வந்தா இந்தச் சுவரை ஓட்டை போடுவான். செலவும் கையைக் கடிக்கும்" என்றார். பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அந்தத் தடுப்பைப் பார்த்தார். பிறகு அவரே அதில் ஓட்டை போட்டார். கதவு செய்கிறவருக்கு எந்தச் சிக்கலுக்கும் கதவுதான் வழி. போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, எங்கள் பக்கத்திலிருந்து கையை விட்டுச் சுவிட்சைத் தூக்கிக்கொள்ள. கை போகிற அளவு போதும். ஆனால் அவ்வளவு பெரிய சுவரில் அவ்வளவு சின்னக் கதவு அசிங்கமாக இருக்கும் என்று, தலையும் தோளும் நுழைகிற அளவுக்குச் செய்து, பித்தளைக் கீல் வைத்து, ஓரமெல்லாம் இழைத்துவிட்டார்.

வீடு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஜன்னலைப் பார்த்துச் சிரித்த முகம், அந்தக் கதவைப் பார்த்ததும் சுண்டிப்போனது. ஒருவர், "இதுவழியா சாப்பாடு கொடுப்பீங்களா?" என்றார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டது. முதல் தவணைத் தேதி நெருங்க நெருங்க நான் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு வாடகை வீட்டுச் செலவை ஒரு சொந்த வீட்டில் செய்துகொண்டிருந்தோம்.

கடைசியில் வந்தவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். தனி ஆள், வெட்டிய முடி, சுருக்கமான பேச்சு. அறைகளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எனக்கு நைட் ஷிஃப்ட். பகல்லதான் தூங்குவேன். தூக்கம் சரியா இல்லாம மேல ஏறி உக்காந்து லிவரை ஒரு இழுப்பு தப்பா இழுத்தேன்னா கீழ ஆளுங்க நிக்கிறாங்க. அதனால எனக்கு வாடகை, தண்ணி எல்லாம் அப்புறம். தூக்கம் முதல்ல. இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கணும்."

ஒத்துக்கொண்டோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மெயின் விழும்போதெல்லாம் நான் கதவைத் தட்ட, அவள் கண் சிவக்க எழுந்து திறக்க, நான் மன்னிப்புக் கேட்க என்று ஒரே கூத்து. அவளே ஒரு வழி சொன்னாள். "அக்கா, தாழ்ப்பாளை உங்க பக்கமே போட்டுக்கங்க. என்னை எழுப்பாதீங்க. திறங்க, சுவிட்சைத் தூக்குங்க, மூடுங்க. ஆனா ஒண்ணு. கை மட்டும்தான் வரணும். தலை வரக் கூடாது."

அந்தச் சட்டத்தை நான் மீறியதே இல்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தடவித் தடவித்தான் சுவிட்சைத் தூக்குவேன். அவள் அறை எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. வாடகை தேதி தவறாமல் வந்தது. தவணை தேதி தவறாமல் போனது. இவர் பட்டறையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார் என்று பாலிஷ்காரர் சொன்னார். சொந்தக்காரர்கள் யார் போன் செய்தாலும் இவர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். "ரூம் சும்மா கிடந்தா காசு சும்மா கிடக்குதுன்னு அர்த்தம்" என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணி வந்தார். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. நானும் சந்தோஷமாகத்தான் வரவேற்றேன். நாங்கள் படுக்கிற அறையைத் தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்று, சமையலும் தையலும் நடக்கிற அறையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டார். சும்மா உட்கார மாட்டார். பேண்ட் மடிப்புகளைப் பிரித்துக் கொடுப்பார், பட்டன் தைப்பார். கேன்டீனில் யார் யார் டம்ளரைத் திருடினார்கள் என்று கதை சொல்வார். சிரித்து எனக்கு விலா வலிக்கும்.

ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. கிளம்புகிற பேச்சே இல்லை. பேச்செல்லாம் முன் போர்ஷனைப் பற்றி. "அங்க காலையில வெயில் வருமா?" "அவ எத்தனை நாள் இருப்பா?" "கல்யாணம் கில்யாணம் பேசுறாங்களா?" எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் ஏறியது. பணம் போட்டவர் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இவரிடம் முணுமுணுத்தால், "அக்கா சும்மா கேக்குது" என்று புரண்டு படுத்துவிடுவார். மகன் ஏன் ஒரு போன்கூடச் செய்யவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கடைக்குத் துணி கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வாசலிலேயே கிரேன்காரி நின்றுகொண்டிருந்தாள். தூக்கத்தில் எழுந்து வந்த கோலம்.

"அக்கா, இந்த மாசக் கடைசியில நான் காலி பண்றேன்."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"கண்ணு முழிச்சுப் பாத்தா ஒரு தலை என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. கத்திட்டேன். அந்த அம்மா அப்பவும் போகல. ரூம் முழுக்க ஒரு சுத்து பாத்துட்டுத்தான் மூடினாங்க. இனிமே அந்த ரூம்ல எனக்குத் தூக்கம் வராது. தூங்காம நான் மேல ஏற முடியாது. அவ்வளவுதான்."

கதவைச் சாத்திக்கொண்டாள். முன் போர்ஷன் ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் தவணை நிற்கும், இரண்டு மாதம் கிடந்தால் பேங்க்காரன் வந்து நிற்பான். அந்த ஓட்டைக் கதவைப் பார்த்துவிட்டு இன்னொருத்தி வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நேராக உள்ளே போனேன். அண்ணி ஒன்றும் நடக்காத மாதிரி பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "தூங்குற பொண்ணோட ரூமை எட்டிப் பாக்குறது என்ன பழக்கம் அண்ணி? பணம் போட்டிருக்கீங்க, இல்லைன்னு சொல்லல. அதுக்காக அந்த ரூமுக்குள்ள தலையை விட உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தா? அவ போறா. அவ போனா இந்த வீடும் போச்சு. உங்க காசும்தான் போச்சு, போதுமா?"

அண்ணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"கட்டில் போட இடம் இருக்கான்னு பாத்தேன்" என்றார்.

"யாருக்குக் கட்டில்?"

"எனக்குத்தான்."

அதற்குள் இவரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பட்டறையிலிருந்து வந்துவிட்டார். அண்ணி இரண்டு பேரையும் பார்த்துப் பேசவில்லை, மெஷினைப் பார்த்துப் பேசினார். "பையன் என் ரூமை வாடகைக்கு விட்டுட்டான். காலேஜ்ல படிக்கிற ரெண்டு பொண்ணுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து, கொஞ்ச நாளைக்கு ஹால்ல படுத்துக்கம்மான்னு சொல்லிட்டுக் கட்டிலைத் தூக்கிட்டான். ஹால்ல டிவி. எல்லாரும் படுத்தப்புறம்தான் நான் படுக்கணும். என்னடா இதுன்னு கேட்டேன். மாமா சொன்னாரு, ரூம் சும்மா கிடந்தா காசு சும்மா கிடக்குதுன்னு அர்த்தமாம்னான்."

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ரூம் சும்மா ஒண்ணும் கிடக்கல, நான் இருந்தேன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. ரெண்டு வீட்டுலயும் என் காசு சுவரா நிக்குது. படுக்கத்தான் இடம் இல்ல. சரி, தம்பி வீட்டுல ஒரு ரூம் காலியாகுமான்னு பாக்கலாம்னு வந்தேன். அந்தப் பொண்ணைப் பயமுறுத்தணும்னு நினைக்கல. அவ கட்டில் எவ்வளவு அகலம்னு பாத்தேன், அதுக்குள்ள முழிச்சுட்டா."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சற்றுமுன் நான் கத்திய கத்து இன்னும் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தது. போய் டீ போட்டேன். இவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகை ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு போகட்டும். முன் போர்ஷன் அக்காவுக்கு" என்றார்.

"தவணை?" என்றேன். கல் நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். இரண்டு பேரும் உணர்ச்சிவசப்பட்டால் வீட்டில் மூன்று பேருக்கும் இடம் இருக்காது.

அண்ணிதான் எனக்குத் துணைக்கு வந்தார். "அவ சரியாத்தான் கேக்குறா. நீ சும்மா இருடா."

மறுநாள் கிரேன்காரி வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து வாசலில் நின்றேன். சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அந்த அம்மா என்னைப் பாக்கலையா?"

"கட்டிலைப் பாத்தாங்களாம்."

அவள் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பா என்று சொல்ல முடியாது. "பாவம்தான். ஆனா பாவம் பாத்து எனக்குத் தூக்கம் வராதுக்கா. போர்டு வெளிய போகணும். அந்தக் கதவு இருக்கவே கூடாது, முழுச் சுவரா ஆகணும். அப்படின்னா இருக்கேன்."

அந்த வாரமே எலெக்ட்ரீஷியன் வந்து வாசல் பக்கச் சுவரைக் குடைந்து போர்டை வெளியே மாற்றினார். செலவு கையைக் கடிக்கத்தான் செய்தது. இவர் கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை ப்ளைவுட் வைத்து அடைத்தார். ஒட்டுப்போட்ட இடம் நன்றாகவே தெரிந்தது. பரவாயில்லை என்றார். முன் போர்ஷனிலிருந்து குறட்டைச் சத்தம்கூட இப்போது கேட்பதில்லை.

நாங்கள் படுக்கிற அறையை அண்ணிக்குக் கொடுப்பது என்று நானும் இவரும் பேசி முடிவு செய்தோம். மெஷின் பக்கத்தில் நாங்கள் படுத்துக்கொள்ளலாம். கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தி, அலமாரியில் ஒரு பக்கத்தைக் காலி செய்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டேன்.

"இது இனிமே உங்க ரூம்" என்றேன்.

அண்ணி உள்ளே வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றார். "வாடகை எவ்வளவு?"

"என்ன அண்ணி நீங்க. உங்க பணம் போட்டு வாங்கின வீடு. உங்ககிட்டப் போய் வாடகையா?"

"பையனோடதும் என் பணம் போட்ட வீடுதான். அங்க நான் வாடகை கொடுக்கல, அம்மாதானேன்னு இருந்தேன். முன்னாடி இருக்காளே, அவளைப் போகச் சொல்லணும்னா நீ ஒரு மாசம் முன்னாடி சொல்லணும். அவளாப் போறதுன்னாலும் முன்னாடியே சொல்றா. எனக்கு யாரு சொன்னா? கட்டிலைத் தூக்குறப்பதானே எனக்கே தெரிஞ்சுது. சும்மா இருக்கிறவளை எப்ப வேணா எழுப்பலாம். வாடகையைச் சொல்லு."

இவர் பின்னாலிருந்து, "அக்கா, வேண்டாம்க்கா" என்றார். நான் பேருக்கு ஒரு சின்னத் தொகையைச் சொன்னேன்.

அண்ணி தலையை ஆட்டினார். "அது ரொம்பக் கம்மி. அவ்வளவு கம்மியாக் கொடுத்தா, நாளைக்கு ஒரு கஷ்டம் வர்றப்ப, இவளை எழுப்பிட்டு வேற ஆள் வெச்சா என்னன்னு உனக்கே தோணும். நீ நல்லவதான், ஆனா தோணும். வெளி ஆளா இருந்தா எவ்வளவு கேப்பியோ அதைச் சொல்லு."

சொன்னேன். அவருடைய பென்ஷனில் பாதி அது. அவர் பேரம் பேசவில்லை. பர்ஸைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று கடைசி நொடிவரை நினைத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வாங்கினேன். நான் வாங்கினால்தான் அவரால் அந்த அறைக்குள் கால் வைக்க முடியும் என்று தெரிந்தது. எலெக்ட்ரீஷியன் செலவுக்குப் பிறகு அந்த மாதத் தவணைக்கு எனக்கு அந்தப் பணம் தேவையாகவும் இருந்தது. அதையும் மறைக்க முடியாது.

அண்ணி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, மெத்தையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார்.

"மாசா மாசம் அஞ்சாம் தேதி தந்துடுவேன்" என்றார். "லேட்டானா கேக்கணும். புருஷனோட அக்காதானேன்னு விடக் கூடாது. கேப்பியா?"

"கேப்பேன் அண்ணி" என்றேன்.